இருபத்தொன்பதாம் கட்டம்

கட்டத்துக்கு வெளியே ஒரு கோடு நீண்டாலும் இகராஷி ஹிசாயோ அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் பெயர் முத்திரை சற்றே சாய்ந்து விழுந்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். நீல மையில் எழுதியவர்களுக்கு அவள் மேசைவரை வரும் துணிவே இருந்ததில்லை. செம்பே என்னும் அரிசி வில்லைப் பலகாரம் சுடும் அந்த ஆலையில் அரிசி இடிப்பவர், வில்லை வெட்டுபவர், சுடுபவர், பொதி கட்டுபவர் என்று அறுபத்து நான்கு பேர். அத்தனை பேருடைய மருத்துவக் காப்பீடும் முப்பத்தோர் ஆண்டுகளாக அவள் ஒருத்தியின் கைவழியாகவே நடந்து வந்தது. பல் பிடுங்கியவர்களும், பிள்ளை பெற்றவர்களும், கூரைப் பனியைத் தள்ள ஏறி விழுந்து இடுப்பொடிந்தவர்களும் தங்கள் வலிக்குப் பயந்ததைவிட அவளுக்கே அதிகம் பயந்தார்கள்.

ஒவ்வோர் ஏப்ரலிலும், பனி உருகிச் சாக்கடைகள் நிரம்பி ஓடும் நாட்களில், மதிய உணவுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து அவள் காப்பீட்டை விளக்குவாள். அட்டையை எங்கே காட்டுவது, மருத்துவமனைச் செலவு எல்லை மீறும் என்று தெரிந்தால் எந்தத் தாளை முன்கூட்டியே வாங்கி வைப்பது, வேலைக்கு வர முடியாமல் படுத்துவிட்டால் யாரைக் கேட்பது என்று எண் போட்டு வரிசையாகச் சொல்வாள். உடையெல்லாம் சோயாச் சாறு மணக்க உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அதற்குள் கண்ணயர்ந்திருப்பார்கள்.

"ஏனுங்க அக்கா," என்பாள் பொதி கட்டும் ஒகினோ. அவள் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. "கால் ஒடிஞ்சா மொதல்ல டாக்டர்கிட்டப் போகோணுமா, உங்ககிட்ட வரோணுமா?"

"மருத்துவரிடம். பிறகு என்னிடம்."

"நடந்துங்களா, தவந்துங்களா?"

கூடம் முழுவதும் விழித்துக்கொண்டு சிரிக்கும். ஹிசாயோ சிரிக்கமாட்டாள். "எப்படி வந்தாலும் கறுப்பு மைப் பேனாவோடு வரவேண்டும்" என்று சொல்லி அடுத்த எண்ணுக்குப் போவாள்.

"அக்கா பேசினா ரேடியோவுல சேதி வாசிக்கிறாப்பலயே இருக்குது" என்று பின்வரிசையில் யாராவது முணுமுணுப்பார்கள். அதுவும் அவள் காதில் விழும்.

அந்தக் கூட்டத்தில் ஒருமுறைகூடக் கண்ணயராதவர் கன்பே தெய்ஜி. இருபத்தேழு ஆண்டுகளாக அடுப்பில் நின்றவர். கம்பிவலைப் பட்டை மேல் வரிசையாக நகர்ந்து வரும் காய்ந்த அரிசி வில்லைகள் நெருப்புக்கு மேலே வந்ததும் முதலில் வியர்க்கும், பிறகு நெளியும், பிறகு உப்பும். எந்தக் கணத்தில் நெருப்பைத் தணிப்பது என்பது அன்றைய காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. பனி கொட்டும் நாளில் ஒரு கணக்கு, வெயில் நாளில் ஒரு கணக்கு. கன்பே சுட்டதில் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து உடைப்பார். ஓசை சரியாக இருந்தால் தலையசைப்பார். சரியில்லையென்றால் அந்தத் தட்டு முழுவதையும் உடைசல் கூடையில் கொட்டிவிடுவார். அரைமணிக்கு ஒருமுறை அடுப்புப் பதிவேட்டில் சூட்டின் அளவை எழுதித் தம் பெயர் முத்திரையை வைப்பார். ஒருமுறைகூட அது சாய்ந்ததில்லை. ஹிசாயோவுக்கு அந்த ஆலையில் பிடித்த கையெழுத்து அவருடையது ஒன்றுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அக்டோபரில் ஒருநாள் ஒகினோ அலுவலறைக்கு வந்து, கேலி எதுவுமில்லாமல் நின்றாள்.

"அக்கா, கன்பே அண்ணன் மூணு நாளா அவரு சோத்துருண்டைய என்ற கிட்டக் குடுத்துடறாருங்க. பசிக்கலீங்கறாரு. இடுப்பு வாரு ரெண்டு ஓட்டை உள்ள போயிருச்சுங்க."

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் கணையம் என்றார்கள். வெட்டியெடுக்கக்கூடிய இடத்தில் இல்லை என்றார்கள். கன்பேக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மனைவி நோரியே பள்ளிக்கூடச் சமையலறையில் அரைநாள் வேலை செய்தாள். ஒரே மகள் நீகாத்தாவில் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு.

ஹிசாயோ படிவத்தோடு மருத்துவமனைக்குப் போனாள். ஊசி குத்திய கையை மடிமேல் வைத்துக்கொண்டு கன்பே கட்டிலில் நேராக உட்கார்ந்தார்.

"நோய்க்காலப் படி என்று ஒன்று உண்டு. நான்காம் எண்ணில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். நோயினால் வேலை செய்ய முடியாத நாட்களுக்கு, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றரை ஆண்டு வரை."

"வேலை செய்யாத நாளுக்குக் கூலிங்களா? ஆருங்க குடுக்கறது?"

"யாரும் தானமாகக் கொடுப்பதில்லை. இருபத்தேழு ஆண்டுகளாக மாதந்தோறும் உங்கள் சம்பளத்தில் பிடித்ததுதான்."

"அதை நான் வரின்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார் கன்பே வெட்கத்தோடு. நோரியே அன்றுதான், நோய் தெரிந்த பிறகு முதல்முறையாக, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூவருமாக அந்தப் படிவத்தை நிரப்பினார்கள். நோயாளி தாமே எழுத வேண்டிய பக்கம் ஒன்று. மருத்துவர் எழுத வேண்டிய பக்கம் ஒன்று. ஆலை எழுத வேண்டிய பக்கம் ஒன்று. ஆலையின் பக்கத்தில் மாதத்தின் நாட்கள் சிறு சிறு கட்டங்களாக வரிசையில் நிற்கும். வேலைக்கு வந்த நாளின் மேல் வட்டம் போட வேண்டும். நவம்பரில் ஒரு வட்டமும் இல்லை. டிசம்பரில் இல்லை. பணம் தவறாமல் வந்தது. மகளின் கல்லூரிக் கட்டணம் அதிலேதான் போயிற்று.

ஜனவரியில், முழங்கால் அளவு பனியில், கன்பே தாமே ஆலைக்கு நடந்து வந்து ஹிசாயோவின் மேசைக்கு எதிரே நின்றார்.

"நான் வேலைய விட்டுக்கறனுங்க அக்கா."

"யாராவது சொன்னார்களா?"

"ஆரும் சொல்லலீங்க. மொதலாளி, நாற்காலி அப்படியே இருக்கட்டும்ங்கறாரு. என்ற பேரு பலகை தொங்குற வரைக்கும் புதுசா ஒரு ஆள எடுக்கமாட்டாங்களே. சாத்தகேப் பையன் ஒருத்தனே ரெண்டு ஆளு வேலையப் பாக்கறான். எனக்குப் படுத்துட்டு இருக்கறப்ப அடுப்புச் சத்தந்தான் கேக்குது."

ஹிசாயோ அவரை உட்காரச் சொன்னாள். கணப்பின்மேல் கொதித்த கெட்டிலிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு, வேலையை விடுபவர் அறிய வேண்டியவற்றைப் பதினோர் எண்களில் எழுதிய தாளை எடுத்து, ஒவ்வொன்றாக விரல் வைத்து விளக்கினாள்.

"ஏழு. வேலையை விட்ட பிறகும் மீதிக் காலத்துக்குப் படி வரும். ஆனால் பணி முடியும் நாளில் நீங்கள் பணி செய்திருத்தல் கூடாது. அன்று வேலை செய்தால், வேலை செய்யும் உடல்நிலையில் இருந்தீர்கள் என்று ஆகிவிடும். அதன்பின் வரவேண்டியது முழுவதும் நின்றுவிடும். விளங்கிற்றா?"

"ஆமாங்க, ஆமாங்க."

அந்த ஊரில் அந்தச் சொல்லுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் பொருளில்லை. அது அவளுக்குத் தெரியாததன்று.

"பிப்ரவரி கடைசியோட நின்னுக்கறனுங்க. இந்த வருசம் இருபத்தொம்போது நாளு. அன்னிக்கு..." கன்பே தேநீர்க் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கும்பிட்டுட்டுப் போறதுக்கு மட்டும் வரலாமுங்களா? இனிப்புப் பெட்டியோட வந்து ஒவ்வொருத்தர் முன்னாடியும் தலை குனியாமப் போனா, அது போனதாவே ஆகாதுங்களே."

ஹிசாயோ சற்று யோசித்தாள். விதியில் என்ன இருக்கிறது என்று யோசித்தாள்.

"வணக்கம் சொல்வது பணியில் சேராது" என்றாள்.

சரியான விடை அது. கையேட்டின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதுவே சரி. விதி தெரியாத வேறொருத்தியாக இருந்திருந்தால், எதற்கு வம்பு, வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி இருபத்தொன்பது திங்கட்கிழமை. வேலையை விட்ட பிறகும் கன்பேயின் காப்பீட்டு அட்டை தொடர்வதற்கான தாள்களை வாங்க ஹிசாயோ காலை முதல் ரயிலில் நகரத்துக் காப்பீட்டுக் கிளைக்குப் போனாள். திரும்பும்போது பனி கிடைமட்டமாக அடித்தது. நடுவழியில், பெயர்ப்பலகையே புதைந்துபோன ஒரு சிற்றூர் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரம் நின்றது. தாள்கள் நனையாதிருக்கப் பையை மடியில் கவிழ்த்துக்கொண்டு அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். ஆலை வாசலை அடையும்போது மாலை நான்கு மணி. ஒகினோ பனி வாரும் பலகையோடு ஓடி வந்தாள்.

"அக்கா, சீக்கிரம் வாங்க! கன்பே அண்ணன் வந்துருக்காருங்க!"

"தெரியும். வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருப்பாரே."

"போறதா? காத்தாலருந்து அடுப்புல நிக்கறாருங்க! சாத்தகே வர்ற ரயிலு பனியில மாட்டி நின்னுருச்சு. காஞ்ச வில்லை பூராவும் அறையில நிக்குது. இன்னிக்குச் சுடலீன்னா ஈரம் ஏறிப் பாழாப் போயிரும்ல? மொதலாளி தலையில கைய வெச்சு உக்காந்துட்டாரு. அண்ணன் இனிப்புப் பெட்டியக் கீழ வெச்சாரு, தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டாரு. அரைமணி நேரம்னாருங்க. இப்ப வரைக்கும் ஒரு தட்டு கருகலீங்க! நாங்க எல்லாரும் மாத்தி மாத்திப் போய் எட்டிப் பாத்துட்டு வரோம்."

ஹிசாயோ முதலில் வருகை அட்டைகள் செருகியிருக்கும் சுவரருகே போனாள். நவம்பர் முதல் வெறுமையாக இருந்த கன்பேயின் வரிசையில் ஓர் அட்டை நின்றது. அதில் ஊதா எழுத்தில் 7.52 என்று விழுந்திருந்தது. இருபத்தேழு ஆண்டுகளாக உள்ளே நுழைந்ததும் செய்ததைக் கை தானாகச் செய்திருக்கிறது.

அடுப்பறையில் வெப்பம் முகத்தில் அறைந்தது. வெள்ளைச் சீருடை தோளிலிருந்து தொங்க, கன்பே பட்டையை நோக்கிக் குனிந்து நின்றார். மஞ்சள் பாரித்திருந்த முகம் நெருப்பின் நிறத்தில் நன்றாக இருப்பதுபோலத் தோன்றிற்று. ஒரு வில்லையை எடுத்துக் காதருகே வைத்து உடைத்தார். தலையசைத்தார். அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அரைமணி நேரம்னுதான் நின்னனுங்க. ஒடம்பு இன்னிக்கு லேசா இருக்குதுங்க. எதோ கடன் வாங்குன ஒடம்பாட்டம்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியும் பயனில்லை. அரை நாளும் முக்கால் நாளும் விதியில் ஒன்றுதான். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நெருப்பருகே அதிக நேரம் நிற்காதீர்கள்" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து மணிக்கு எல்லோரும் கூடினார்கள். கன்பே ஒவ்வொருவர் முன்னும் தலைகுனிந்து, சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்த பலகாரத்தை இரு கையாலும் கொடுத்தார். ஹிசாயோவுக்கும் கொடுத்தார். கடைசியாக அடுப்பின் பக்கம் திரும்பி, ஒரு பெரிய மனிதரிடம் விடைபெறுவதுபோல இடுப்பு மடிய வணங்கினார். ஒகினோ அழுதாள். "பாருங்க, எனக்கு மட்டும் சின்னதாக் குடுத்துட்டாரு" என்று அழுதுகொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். உடைசல் ஒரு பை கேட்டு வாங்கிக்கொண்டு, கன்பே போகிற போக்கில் அட்டையை இயந்திரத்தில் செருகினார். டக். 5.04.

மறுநாள் அவள் அட்டையை முதலாளியின் மேசைமேல் வைத்து, ஏழாம் எண்ணை வாசித்துக் காட்டினாள். அவர் நெடுநேரம் கன்னத்தைத் தடவினார்.

"நான்தான் தடுத்திருக்கோணும். சரி அம்மணி, அந்தக் கார்டு காணாமப் போச்சுன்னு வெச்சுக்கலாமே."

"காணாமல் போகவில்லை. உங்கள் மேசைமேல் இருக்கிறது."

"அம்மணி, அடுத்த வருசம் ஏப்ரல் வரைக்கும் வர்ற காசு. அந்தப் பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் வரும்."

"எனக்குத் தெரியும். கணக்கிட்டவள் நான்தான்."

பெயர் சொல்லாமல் காப்பீட்டுக் கிளைக்குத் தொலைபேசியில் கேட்டாள். ஓர் இளைஞனின் குரல், பக்கங்களைப் புரட்டிவிட்டு, நாள் முழுவதும் பணி செய்திருந்தால் தொடர வழியில்லை, மிகவும் வருந்துகிறேன் என்றது. அந்த இளைஞன் சொன்னது சரி. அவன் இடத்தில் அவள் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை அஞ்சலில் கன்பேயின் பிப்ரவரிப் படிவம் வந்தது. தாம் எழுத வேண்டிய பக்கத்தை அவர் எழுதியிருந்தார். கறுப்பு மை, கட்டத்துக்குள், முத்திரை நேராக. நோயினால் வேலை செய்ய முடியாதிருந்த காலம்: முதல் தேதியிலிருந்து இருபத்தெட்டாம் தேதி வரை. நாட்கள்: 28.

உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவளே. அந்த எட்டை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகான எட்டு.

பிறகு எழுந்து கதவைச் சாத்தினாள். வருகை அட்டையைத் தாள் நறுக்கும் இயந்திரத்தில் விட்டாள். அடுப்புப் பதிவேட்டிலிருந்து இருபத்தொன்பதாம் தேதிப் பக்கத்தைப் பிரித்தெடுத்தாள். அதில் பதினாறு சிவப்பு முத்திரைகள். காலை முத்திரைகள் நிமிர்ந்து நின்றன. நண்பகலுக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கி, கடைசி மூன்றும் கட்டத்துக்கு வெளியே போயிருந்தன. லேசாக இருக்கிறது என்று சொன்ன உடம்பு. அதையும் இயந்திரத்தில் விட்டாள். செய்வதென்றால் முழுமையாகச் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் அது மற்றதைக் காட்டிக்கொடுத்துவிடும். சாத்தகேயைக் கூப்பிட்டுப் புதுப் பக்கத்தில் பதினாறு முத்திரை வைக்கச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் ரயில்லயில்லீங்களா அக்கா இருந்தேன்?"

"அடுப்பில் இருந்தாய்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பதினாறையும் வைத்து முடித்துவிட்டு, "அப்ப எனக்கு அந்த நாளுக்குச் சம்பளம் வருமுங்களா?" என்றான்.

"வரும்."

"அதை அண்ணன் ஊட்ல குடுத்துருங்க."

மதிய உணவுக் கூடத்தில் அவள் எழுந்து நின்று, திங்கட்கிழமை கன்பே ஐந்து நிமிடம் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார் என்று, சேதி வாசிப்பதுபோல, எல்லோருக்கும் சொன்னாள். "ஆமாங்க, அஞ்சு நிமிசந்தான்" என்றாள் ஒகினோ, தலையைத் தூக்காமல்.

சனிக்கிழமை பிற்பகல் புதுப் படிவத்தோடு கன்பே வீட்டுக்குப் போனாள். மண்ணெண்ணெய்க் கணப்பருகே படுக்கை விரித்திருந்தது. அவளைக் கண்டதும் எழ முயன்ற கன்பேயின் முதுகுக்குத் தலையணை வைக்க வேண்டியிருந்தது. அன்றைய நாளுக்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை என்றாள் நோரியே. வெள்ளை முள்ளங்கி ஊறுகாயும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள்.

ஹிசாயோ எதையும் தொடவில்லை. வழியெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வாக்கியங்கள் நாக்கில் நிற்கவில்லை.

"தம்பி, இருபத்தெட்டுன்னு எழுதிருக்கீங்க. அதை இருபத்தொம்போதுன்னு மாத்தி எழுதித் தரோணும்."

"அன்னிக்கு வேலை செஞ்சனுங்களே அக்கா."

"செஞ்சீங்க."

"பதினாறு தடவை முத்திரை வெச்சனுங்க."

"வெச்சீங்க."

"ஒரு தட்டு கருகலீங்க."

"கருகல தம்பி. நான்தான் பாத்தேனே." அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். "அன்னிக்கு வேலை செஞ்சதா இருந்தா இனிமே பணம் வராது. ஒரு மாசங்கூட வராது. அதான் ஏழாம் நம்பரு."

கன்பே அவளையே பார்த்தார். புரிந்துகொண்டது அவர் முகத்தில் மெல்ல ஏறி வந்தது. முதலில் பேசியவள் நோரியே.

"ஒரு நாளு! ஒரே ஒரு நாளு அந்த அடுப்பப் பாக்காம உங்களால இருக்க முடியலீங்களா? அது என்ன உங்களப் பெத்த தாயா?" பிறகு ஹிசாயோவின் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது, அது அதைவிடக் கடுமையாக இருந்தது. "நீங்க வரலாம்னு சொன்னீங்களாமேங்க அக்கா. அவரு கேட்டாராமே."

"சொன்னேன்."

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். அது என்ற தப்புதான்." முப்பத்தோர் ஆண்டுகளில் அந்தச் சொல்லை அவள் பிறரிடமிருந்து மட்டுமே கேட்டிருந்தாள்.

கணப்பு உறுமியது. கூரையிலிருந்து ஒரு பெரும் பனிப்பாளம் சரிந்து விழுந்து, சன்னல் ஒருகணம் இருண்டு வெளுத்தது.

"அப்ப, அன்னிக்கு நான் ஊட்லதான் படுத்திருந்தேன்" என்றார் கன்பே, சொல்லிப் பழகுவதுபோல.

"ஆமா."

"அடுப்புல ஆரு நின்னா?"

"சாத்தகே."

"அவன் சுட்டா ஓரம் கருகுமே அக்கா. பதிவேட்டப் பாக்குறவங்க அன்னிக்குக் கருகாம வந்ததும் அவன் சுட்டதுன்னு நெனச்சுக்குவாங்களா?"

நோரியே ஒரு பலகையை அவர் மடிமேல் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தாள். "எழுதுங்க," என்றாள். "புள்ளைய நெனச்சுட்டு எழுதுங்க. எழுதிப்போட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க."

அவர் எழுதினார். பெயர், பிறந்த நாள், முகவரி, அட்டை எண் என்று முழுத் தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்த ஒன்பதை எழுதும்போது மட்டும் நிறுத்தவில்லை. முத்திரையைச் சிவப்பு மையில் அழுத்தி எடுத்துத் தாளில் வைத்தார். அது பாதி கட்டத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாகச் சாய்ந்து விழுந்தது.

கன்பே தாளைத் திரும்ப நீட்டினார். "சாஞ்சு போச்சுங்க. வேற தாளு குடுங்க அக்கா, மறுபடியும் எழுதறேன்."

"இருக்கட்டும்" என்றாள் ஹிசாயோ.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பணம் நின்றுவிடும் என்று கேட்டபோதுகூட இல்லாத ஒரு கலக்கம் அந்தக் கண்களில் வந்தது. இகராஷி அக்கா சாய்ந்த முத்திரையை வாங்கிக்கொள்கிறாள். இனி தமக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்பதை எந்த மருத்துவரும் அவருக்கு அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. "சரிங்க" என்று சொல்லிப் படுத்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

ஆலை எழுத வேண்டிய பக்கத்தில் இருபத்தொன்பதாம் கட்டத்தை வெறுமையாக விட்டு, திங்கட்கிழமை காலை அவள் அதை அஞ்சலில் சேர்த்தாள்.

பணம் மார்ச்சில் வந்தது. ஏப்ரலில் வந்தது. மே மாதத்துக்கும் வந்தது. ஜூன் பாதியில், மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், கன்பே இறந்தார். ஆலை ஒருநாள் அடுப்பை அணைத்தது. ஊதுபத்திப் புகையில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பிணப்பெட்டியில் முகம் தெரிவதற்கான சிறு சாளரத்தருகே குனிந்த ஒகினோ, "அண்ணே, அந்தக் கடைசி நாளன்னிக்கு நீங்க..." என்று தொடங்கி, ஹிசாயோவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முதலாளி வாசித்த இரங்கலுரையில், அக்டோபர் வரை பணியாற்றினார் என்றிருந்தது. அந்த வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தவள் ஹிசாயோ.

அவர் இறந்த மூன்றாம் வாரம், ஈமச் செலவுக்கான சிறு தொகைக்குரிய கடைசிப் படிவத்தோடு அவள் மறுபடி அந்த வீட்டுக்குப் போனாள். மழை விடாமல் பெய்தது. பாய்கூட ஈரமாக இருந்தது. படமும் பழமும் வைத்த மாடத்தின் முன் நோரியே படிவத்தை ஒரு பிழையின்றி எழுதிக் கொடுத்தாள். மகள் படிப்பை விடவில்லை என்றும், வரும் மாதம் முதல் பள்ளிச் சமையலறையில் தனக்கு முழுநாள் வேலை கிடைத்திருக்கிறது என்றும் சொன்னாள். பிறகு சமையல் மேல்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "அக்கா, ஒண்ணு கேக்கோணும்" என்றாள்.

"கேளுங்கள்."

"அந்தக் கடைசி நாளு கார்டு இருக்குதுங்களா? நேரம் அடிச்சது. ஆருக்கும் காட்டமாட்டனுங்க. மாடத்துல, படத்துக்குப் பின்னாடி வெச்சுக்கறேன். அவரு கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிட்டு இருந்தாருங்க. அன்னிக்கு ஒரு தட்டு கருகலன்னு."

"இல்லை, நோரியே."

"அடுப்பு நோட்டுல முத்திரை வெச்சாரே, அந்தப் பக்கம்?"

"அதுவும் இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை."

நோரியே தலையாட்டினாள். "அதுஞ் சரிதாங்க. நீங்க எதையும் அரைகொறையாச் செய்யமாட்டீங்கன்னு அவரு எப்பவும் சொல்லுவாரு." அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஹிசாயோவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நோரியே உள்ளே போய், தேநீரோடு ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள்.

"அன்னிக்கு அவரு கொண்டாந்த உடைசலுங்க. திங்க முடியாது, வாயில வெச்சு ருசி பாத்துட்டுத் துப்பிருவாரு. பாதி அப்படியே இருக்குது. எடுத்துக்குங்க அக்கா. நானும் ஒண்ணு தின்னுக்கறேன்."

ஹிசாயோ ஒரு துண்டை எடுத்தாள். சோயாச் சாற்றின் பழுப்பு நிறம் ஓரம்வரை ஒரே சீராக ஓடியிருந்தது. எங்கும் ஒரு கருகல் இல்லை. இரு விரலால் உடைக்கப் பார்த்தாள். அது உடையாமல் வளைந்தது.

"மழையில நமுத்துப் போச்சுங்களா?" என்று கேட்டாள் நோரியே, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"இல்லீங்க" என்றாள் ஹிசாயோ. "நல்லா மொறுமொறுன்னு இருக்குது."

வாயில் போட்டுக் கடித்தாள். நோரியே தலையைச் சற்றே சாய்த்து, அவர் கேட்பதுபோலவே, காது கொடுத்துக் கேட்டாள். சத்தம் எதுவும் வரவில்லை.